‘பிக் அப்’: ஒரே ஒரு வினையின் பின்னால் போனபோது

இங்கிலாந்துக்குப் புதிதாகக் குடிவரும் தமிழ்ப் பெண்கள் ஆங்கிலம் பற்றிக் கேட்டால் நான் முதலில் சொல்வது, ஃபிரேசல் வெர்ப், அதாவது வினையோடு ‘அப்’, ‘ஆஃப்’ மாதிரி ஒரு சிறு சொல் சேர்ந்த தொடர்களின் பட்டியல்களை மனப்பாடம் செய்ய வேண்டாம் என்பதுதான். 500, 1000 என்று அடுக்கி அச்சடித்த பட்டியல்கள் நிறையக் கிடைக்கின்றன. அப்படிப் படித்தது எதுவும் கடையில் ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேசும்போது வாயில் வருவதில்லை. ஒரே ஒரு வினையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது பள்ளி வாசலில், மருந்துக்கடையில், பக்கத்து வீட்டுப் படியில், பேருந்தில் எப்படியெல்லாம் வருகிறது என்று காதைத் தீட்டிக் கேளுங்கள். அந்த ஒன்று வசப்பட்டால் மற்றவை எப்படி நடந்துகொள்ளும் என்பதும் பிடிபடும். நான் அப்படிப் பிடித்துக்கொண்ட வினை ‘பிக் அப்’.

நான் கரூர்ப் பக்கம் தமிழ் வழியில் படித்தவள். கல்லூரியில் வணிகவியல். திருமணத்துக்குப் பிறகு கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமுக்கு வந்தேன். ஆங்கிலச் செய்தித்தாள் வாசிப்பேன், கடிதம் எழுதுவேன், வங்கிப் படிவம் நிரப்புவேன். ஆனால் தெருவில் பேசுகிற ஆங்கிலம் வேறாக இருந்தது. கலெக்ட், ரிசீவ், பர்ச்சேஸ், அக்வயர் என்று நாங்கள் படித்த கனமான சொற்களை இங்கே பேச்சில் அதிகம் கேட்க முடியாது. கெட், புட், டேக், பிக் என்று சின்னச் சின்ன வினைகள், அவற்றின் பின்னால் அப், ஆஃப், அவுட், ஆன் என்று ஒரு வால். அந்த வால் மாறினால் பொருளே மாறிவிடுகிறது.

இது அயலாருக்குக் கடினம் என்பதை ஆங்கிலேயர்களே வெகு காலத்துக்கு முன்பு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையில், வினையோடு ஒரு சிறு சொல் சேர்ந்து பொருள் திரிவது ஆங்கிலத்தில் மிக அதிகம், அயல்நாட்டாருக்கு அதுதான் பெரும் தொல்லை என்று எழுதினார். அதைப் படித்தபோது எனக்குத் தெம்பாக இருந்தது. கஷ்டம் என்னிடம் இல்லை, அந்த மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது.

மகள் ரிசெப்ஷன் வகுப்பில், அதாவது இங்கே முதல் வகுப்புக்கு முந்தைய வகுப்பில், சேர்ந்த நாளிலிருந்து தினமும் காதில் விழுந்தது இந்த வினைதான். இங்கே சின்னப் பிள்ளைகளை யார் வந்தாலும் அனுப்பிவிட மாட்டார்கள். யார் யார் அழைத்துப் போகலாம் என்று முன்கூட்டியே பெயர் கொடுத்திருக்க வேண்டும். ஆசிரியர் வகுப்பு வாசலில் நின்று, வந்திருக்கும் ஆளைக் கண்ணால் பார்த்த பிறகே பிள்ளையை விடுவார். காலையில் விடும்போதே கேட்பார்: “ஹூஸ் பிக்கிங் ஹெர் அப் டுடே?” இன்று யார் கூட்டிட்டுப் போக வருவீர்கள் என்பது கேள்வி.

இந்த ஒரு கேள்விக்குள் மிக முக்கியமான இலக்கணம் ஒன்று இருக்கிறது. ‘ஹெர்’ என்கிற சொல் ‘பிக்’குக்கும் ‘அப்’புக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளையின் பெயரைச் சொன்னால் இரண்டு விதமாகவும் சொல்லலாம். ‘பிக் அப் மீனா’வும் சரி, ‘பிக் மீனா அப்’பும் சரி. ஆனால் அவளை, அவனை, அதை, அவர்களை என்று சுட்டிச் சொல்லும்போது அந்தச் சொல் நடுவில்தான் வர வேண்டும். ‘பிக் ஹெர் அப்’, ‘பிக் இட் அப்’, ‘பிக் தெம் அப்’. ‘பிக் அப் ஹெர்’ என்று யாரும் சொல்வதில்லை. இதை விதியாகப் படித்தால் பேசும் நேரத்தில் நினைவுக்கு வராது. பள்ளி வாசலில் நாள்தோறும் கேட்டால் வேறு விதமாகச் சொல்ல வாய் வராது. ஆகவே யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும், வெறும் ‘பிக் அப்’பை விட்டுவிட்டு ‘பிக் இட் அப்’ என்று மூன்று சொல்லாகவே சொல்லிக்கொடுக்கிறேன்.

அடுத்த தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் காரில் தம் பிள்ளைகளை அழைத்து வருவார். “நான் பிள்ளையளை ஏத்தப் போறன் தங்கச்சி, உங்கட மகளையும் ஏத்திக்கொண்டு வரட்டே?” என்று போன் பண்ணுவார். கரூரில் நாங்கள் ‘கூட்டிட்டு வர்றேன்’ என்போம். அக்காவின் ‘ஏத்துறது’ என்ற சொல்லில் மேலே என்கிற பொருள் அப்படியே இருக்கிறது, ஆங்கிலத்தின் ‘அப்’ மாதிரி. அவர் காரில் ஏற்றுகிறார், ஆங்கிலேயர் பிக் அப் செய்கிறார். அந்த நாட்களில் பள்ளிக்கு நான் சொல்ல வேண்டிய வாக்கியம்: “மை ஃபிரெண்ட் வில் பிக் ஹெர் அப்.”

அடுத்து ஓசை. புத்தகத்தில் ‘பிக்’ தனி, ‘அப்’ தனி. பேச்சில் அப்படி ஒருவரும் பிரிப்பதில்லை. நமக்கு இது புதிதே இல்லை. பள்ளியில் நன்னூல் படித்தவர்களுக்கு ‘தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்’ என்ற சூத்திரம் நினைவிருக்கும். கல் என்பதோடு எறிந்தான் சேர்ந்தால் கல்லெறிந்தான். அதே மாதிரிதான் நம் வாயில் பிக்கும் அப்பும் சேர்ந்து ‘பிக்கப்’ ஆனது. ஆங்கிலேயர் வாயில் ‘க்’ அவ்வளவு அழுத்தமாக இரட்டிக்காது, ஆனால் ஒட்டிக்கொள்வது உண்மை. ‘பிக் இட் அப்’ என்பது காதில் ‘பிக்கிட்டப்’ என்று ஒரே சொல்லாக விழும். ‘பிக் ஹெர் அப்’பில் அந்த ‘ஹ’ காணாமல் போய் ‘பிக்கரப்’ என்று கேட்கும். ‘பிக் தெம் அப்’ பல நேரம் ‘பிக்கெமப்’. இந்த ஒட்டுச் சத்தத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதிப் பேச்சு புரிந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் ‘வேகமாகப் பேசுகிறார்கள்’ என்று வருந்துவதில் பெரும் பங்கு வேகம் இல்லை, இந்தப் புணர்ச்சிதான்.

அழுத்தமும் கவனிக்க வேண்டியது. வினையாகச் சொல்லும்போது, அதுவும் வாக்கிய முடிவில், குரல் ‘அப்’ மேல் ஏறும். பெயர்ச்சொல்லாகச் சொல்லும்போது ‘பிக்’ மேல் ஏறும். பள்ளி விடும் நேரத்தைப் ‘பிக்கப் டைம்’ என்பார்கள், அங்கே ‘பிக்’தான் ஓங்கும். தமிழில் நாம் சொற்களை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் சொல்லிப் பழகியவர்கள் என்பதால் இந்த ஏற்ற இறக்கத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் வரும்.

பிள்ளையை அழைப்பது, கீழே கிடப்பதை எடுப்பது, போனை எடுப்பது. இந்த மூன்றும் எவருக்கும் சீக்கிரம் புரிந்துவிடும். நம் ஊரில் போனை ‘அட்டெண்ட்’ பண்ணுவோம், இங்கே ‘பிக் அப்’ அல்லது ‘ஆன்சர்’. அவ்வளவுதான் வேறுபாடு.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த பொருள். பக்கத்து வீட்டு ஆங்கிலேய மூதாட்டி கடைக்குப் புறப்படும்போது கதவைத் தட்டிக் கேட்பார்: “ஷல் ஐ பிக் எனிதிங் அப் ஃபார் யூ?” உனக்கு ஏதாவது வாங்கிட்டு வரட்டுமா என்று அர்த்தம். என் கணவர் வேலை முடிந்து வரும்போது ஒரு பாட்டில் பால் வாங்கி வரச் சொல்ல வேண்டும் என்றால், “கேன் யூ பிக் அப் சம் மில்க்?” இங்கே ‘பை’ என்று சொன்னாலும் பிழை இல்லை. ஆனால் ‘பிக் அப்’ என்றால் அதற்கென்று தனியாகப் போக வேண்டாம், வருகிற வழியில், போகிற போக்கில் என்கிற இதம் சேர்ந்துவிடுகிறது. கேட்பவருக்கும் சுமையாகத் தெரியாது, செய்பவருக்கும் பெரிய உதவி செய்த மாதிரி இராது.

வாரத்தில் சில மணி நேரம் ஓர் அறக்கொடைக் கடையில் தன்னார்வமாக வேலை செய்கிறேன். மக்கள் கொடுக்கும் பழைய துணி, புத்தகம், பாத்திரங்களை விற்று நற்பணிக்குத் தரும் கடை. இங்கே எல்லோரும் ‘சாரிட்டி ஷாப்’ என்பார்கள். ஆங்கிலம் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. வருகிறவர்கள் அவசரமில்லாமல் பேசுவார்கள், நீங்கள் மெதுவாகப் பதில் சொன்னால் பொறுத்துக்கொள்வார்கள். அங்கே ‘பிக் அப்’ இன்னொரு நிறம் எடுக்கிறது. “ஐ பிக்ட் திஸ் அப் ஃபார் எ ஃபைவர்” என்று ஒரு பெண் தன் கோட்டைக் காட்டுவார். 5 பவுண்டுக்கு மலிவாகக் கிடைத்தது, தேடாமல் கண்ணில் பட்டது என்கிற மகிழ்ச்சி அதில் இருக்கிறது. வீடு வாங்கிய ஒருவர் அதை இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கடன் வாங்கி, வழக்கறிஞர் வைத்து, பல மாதம் அலைந்து வாங்குவதற்கு இந்த வினை பொருந்தாது. எளிதாக, தற்செயலாகக் கைக்கு வந்தது என்கிற உணர்வை மனதில் வைத்துக்கொண்டால் எங்கே சொல்லலாம், எங்கே கூடாது என்பது தானாக விளங்கும்.

எழுத்திலும் பேச்சிலும் இது மாறுவதைப் பாருங்கள். மருந்துக்கடைப் பலகையில் ‘கலெக்ட்’ என்று எழுதியிருக்கும். உள்ளே நிற்பவர்கள் பேசும்போது “ஐம் ஹியர் டு பிக் அப் எ பிரிஸ்கிரிப்ஷன்” என்பார்கள். பார்சல் நேரத்தில் வீட்டில் ஆள் இல்லை என்றால் தபால்காரர் போட்டுவிட்டுப் போகும் அட்டையிலும் ‘கலெக்ட்’தான். பலகையில் இருப்பதைப் படித்து அப்படியே பேசினால் யாரும் தவறென்று சொல்லப் போவதில்லை, ஆனால் கொஞ்சம் விறைப்பாக ஒலிக்கும். நம் ஊரிலும் பலகையில் ‘பெற்றுக்கொள்ளவும்’ என்று எழுதுகிறோம், கடைக்காரரிடம் போய் ‘வாங்கிக்கிறேன்’ என்கிறோம் அல்லவா? இந்த இணைகளைக் கவனித்துச் சேர்ப்பது நல்ல பயிற்சி.

நோய்க்கும் இதே வினை. குளிர்காலத்தில் பள்ளியிலிருந்து மகளுக்கு வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால், பள்ளி அலுவலகத்துக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும். “ஷீ மஸ்ட் ஹேவ் பிக்ட் அப் எ பக்” என்பார் மறுமுனையில் இருப்பவர். ‘பக்’ என்றால் பூச்சி இல்லை, கிருமி. எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டது என்பதுதான் பொருள். கடைசியாக வாந்தி எடுத்து 48 மணி நேரம் கழியும்வரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்பது இங்கே பரவலாகப் பின்பற்றும் முறை, அதையும் அவர் சொல்லுவார். இந்தப் பொருளில் யாரும் விரும்பிச் செய்யவில்லை. நம் அறிவில்லாமலே வந்து சேர்ந்தது.

இதே வழியில்தான் மொழியும் வந்து சேர்கிறது. ஆசிரியர்–பெற்றோர் சந்திப்பில் மகளின் ஆசிரியர், “ஷீஸ் பிக்ட் அப் ஹெர் சவுண்ட்ஸ் ரியலி குவிக்லி” என்றார். எழுத்தொலிகளைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள் என்கிறார். இங்கே முதல் வகுப்பு முடிவில் ஃபோனிக்ஸ் சோதனை உண்டு. 2012 முதல் நடக்கிறது. 40 சொற்களை வாசிக்கச் சொல்வார்கள், அதில் பாதிக்கு அர்த்தமே கிடையாது. ஒலியை வைத்து வாசிக்கிறார்களா என்று பார்ப்பதற்காக அப்படி. மகள் அதைப் பள்ளியில் படித்தாள். ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம், நம் ‘இல்லையா’ மாதிரி, ‘இன்னிட்’ என்று சேர்ப்பதை அவளுக்கு எந்த ஆசிரியரும் சொல்லித்தரவில்லை. விளையாட்டு மைதானத்தில் பிக் அப் பண்ணிக்கொண்டாள். ‘லேர்ன்’ என்பதற்கும் ‘பிக் அப்’ என்பதற்கும் உள்ள இடைவெளி இதுதான். உட்கார்ந்து கற்றது ஒன்று, பழகப் பழக வந்தது இன்னொன்று. வேலைக்கான நேர்காணலில் “ஐ பிக் திங்ஸ் அப் குவிக்லி” என்று சொன்னால் நன்றாக எடுபடும்.

சில இடங்களில் யாரும் எதையும் எடுப்பதில்லை, தானாக நடக்கிறது. “தி விண்ட்ஸ் பிக்கிங் அப்” என்று வானிலை சொல்பவர் சொன்னால் காற்று வலுக்கிறது. மளிகைக்கடை வைத்திருக்கும் நம்மவர்கள் டிசம்பரில் “டிரேட் பிக்ஸ் அப் பிஃபோர் கிறிஸ்துமஸ்” என்பார்கள். வியாபாரம் சூடுபிடிக்கிறது. இந்தப் பொருள் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும் என்று சொன்னால் புதியவர்கள் வியப்பார்கள். ‘வண்டியில பிக்கப் இல்ல’ என்று மெக்கானிக்கிடம் சொல்கிறோம். ‘இடைவேளைக்கு அப்புறம் படம் பிக்கப் ஆச்சு’ என்கிறோம். மந்தமாக இருந்தது வேகம் எடுத்தது. நாம் ஊரிலேயே பெயர்ச்சொல்லாகச் சுமந்துகொண்டு வந்ததை இங்கே வினையாக மாற்றிக்கொண்டால் போதும்.

நூலகத்தில் நடக்கும் ஆங்கில வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொரு முறையும் தொடங்கும் விதம்: “லெட்ஸ் பிக் அப் வேர் வீ லெஃப்ட் ஆஃப்.” விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். இதை ஒரே மூச்சாக, உடைக்காமல் நினைவில் வைப்பது நல்லது. ‘பிக் அப் ஆன்’ என்றும் ஒன்று உண்டு, அது நுட்பமானது. ஒருவர் வெளிப்படையாகச் சொல்லாததை முகத்திலோ குரலிலோ கவனித்துவிடுவது. மகள் சில நாட்கள் வகுப்பில் அமைதியாக இருந்ததை ஆசிரியர் கவனித்து என்னிடம் சொன்னபோது, “ஐ பிக்ட் அப் ஆன் இட்” என்றார். என் பிள்ளையை ஒருவர் இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறார் என்பது எனக்கு அன்றைக்குப் பெரிய ஆறுதல். அந்தப் பொருள் அதோடு மனதில் தங்கிவிட்டது.

பூங்கா வாசலில் ‘பிக் அப் ஆஃப்டர் யுவர் டாக்’ என்று எழுதியிருக்கும், நாய் அசுத்தம் செய்தால் எடுத்துப் போடு என்று. வீட்டில் பிள்ளை பொம்மையை இறைத்துவிட்டால் “பிக் அப் ஆஃப்டர் யுவர்செல்ஃப்.” இரண்டும் ஒன்றே.

இத்தனை பொருளா என்று மலைக்கத் தேவையில்லை. தமிழ் பேசுகிறவர்களுக்கு இதற்கான காது பிறப்பிலேயே இருக்கிறது. ‘உடைந்தது’, ‘உடைந்துபோனது’, ‘உடைத்துவிட்டான்’, ‘உடைத்துப்போட்டான்’ எல்லாம் ஒன்றா? ‘வா’ என்பதும் ‘வந்து தொலை’ என்பதும் ஒன்றா? போ, விடு, போடு, கொள், தொலை என்று வினைக்குப் பின்னால் நாம் சேர்ப்பவை தம் நேர்ப்பொருளை விட்டுவிட்டு வேறு ஏதோ ஓர் உணர்வைக் கொண்டுவருகின்றன. ஓர் ஆங்கிலேயர் தமிழ் படித்தால் ‘உடைந்து எங்கே போனது?’ என்று நம்மைக் கேட்பார். ‘அப்’ என்றால் மேலே, அப்படியானால் பால் ஏன் மேலே வருகிறது என்று நாம் கேட்பதும் அதே கேள்விதான். ஆகவே ‘அப்’புக்குத் தனியாக அர்த்தம் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். ‘விடு’வை நாம் எப்படி நம்பிச் சொல்கிறோமோ அப்படிச் சொல்லிப் பழகினால் போதும்.

நான் செய்தது இதுதான். ஒரு நோட்டில் அர்த்தங்களை எழுதாமல் இடங்களை எழுதினேன். பள்ளி வாசல், மருந்துக்கடை, மூதாட்டியின் படி, வகுப்பறை என்று தலைப்பிட்டு, அங்கே கேட்ட வாக்கியத்தை யார் யாரிடம் சொன்னார் என்பதோடு முழுதாகக் குறித்தேன். தமிழில் பொருள் எழுதவில்லை. அந்த இடம் நினைவுக்கு வந்தால் பொருளும் வந்துவிடும். பிறகு அதே இடத்தில் அதே வாக்கியத்தை நானே ஒரு தடவை சொல்லிப் பார்ப்பேன். சொன்ன பிறகுதான் அது நோட்டிலிருந்து வாய்க்கு வந்தது என்று கணக்கு. ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் கேட்டால் போதும், கேட்காத நாளும் உண்டு, அதற்காகக் கவலைப்படவில்லை.

ஓர் எச்சரிக்கை. வண்டியில் அழைத்துப் போக வருவதை ‘ஐ வில் பிக் யூ அப் அட் செவன்’ என்று யாரிடமும் சொல்லலாம். ஆனால் முன்பின் தெரியாத பெண்ணையோ ஆணையோ விடுதியில், மதுக்கடையில் ‘பிக் அப்’ செய்வது என்றால் வேறு நோக்கத்தோடு பேசிப் பழகுவது. ‘பிக்கப் லைன்’ என்பதும் அங்கிருந்து வந்ததே. எங்கே, எப்போது, எதற்காக என்பதை வாக்கியத்தில் சேர்த்துவிட்டால் குழப்பம் வராது.

ஒரு பொருள் நன்றாகப் புரிந்ததா என்று சோதிக்க எளிய வழி, அதன் எதிர்ச்சொல்லைக் கேட்டுப் பார்ப்பது. போனுக்கு ‘ஹேங் அப்’ அல்லது ‘புட் டவுன்’. காற்றுக்கு ‘டை டவுன்’. வியாபாரத்துக்கு ‘ஸ்லோ டவுன்’. பள்ளிப் பிள்ளைக்கு ‘டிராப் ஆஃப்’. ஒரே வினைக்கு இத்தனை எதிர்ச்சொற்கள் இருப்பதைப் பார்த்தாலே அது உள்ளுக்குள் எத்தனை வினைகளாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். அடுத்து எந்த வினையைப் பிடிப்பது என்று கேட்கிறவர்களுக்கு ‘டிராப் ஆஃப்’பையே சொல்கிறேன். நானும் இப்போது அதன் பின்னால்தான் போய்க்கொண்டிருக்கிறேன். பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் அதுதான், கடைக்குத் துணி மூட்டையைக் கொண்டுவந்து கொடுப்பதும் அதுதான், விற்பனை குறைவதும் அதுதான். போன வாரம் கதவைத் திறக்கத் தாமதமானதற்குப் பக்கத்து வீட்டு மூதாட்டி சொன்ன காரணம்: “சாரி லவ், ஐ மஸ்ட் ஹேவ் டிராப்ட் ஆஃப்.” நாற்காலியில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாராம். அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.